பார்கின்சன் நோயாளிக்குப் பேச்சுக் கருவி: அரசிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

பார்கின்சன் என்றதும் கை நடுக்கம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கூடவே குரலும் தேய்ந்துகொண்டே போகும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். சத்தம் குறையும், ஏற்ற இறக்கம் போய்விடும், சிலருக்குச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். பேசுகிறவருக்கோ தன் குரல் சரியாக இருப்பதாகவே தோன்றும். மற்றவர்களுக்குத்தான் காது மந்தம் என்பார். மாத்திரையால் நடுக்கமும் விறைப்பும் குறைகிற அளவுக்குக் குரல் சரியாவதில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோயைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் 21. நாள்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பில் பார்கின்சன் வருகிறது. ஆனால் அங்கே உள்ள விளக்கத்தைப் படித்தால் நடுக்கம், தசை விறைப்பு, மெதுவான அசைவு என்றுதான் இருக்கும். பேச்சு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதே பட்டியலில் ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ தனியாக இருக்கிறது. நரம்புக் கோளாறால் வரும் நிரந்தரப் பேச்சுப் பாதிப்பும் அதில் அடங்கும்.

ஆகவே, மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் பார்கின்சன் என்று மட்டும் எழுதி வாங்கி வந்தால் பேச்சுக் கருவி கேட்கும்போது கையில் வலு இருக்காது. பேச்சுப் பாதிப்பையும் மதிப்பிட்டு எழுதும்படி, சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கென்றே தனிச் சான்றிதழ்ப் படிவம் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பார்கின்சன் நோயாளிகள் பலருக்குக் குரல் திடீரென்று எழும்பிவிடும். பெயர் என்ன, ஊர் எது என்று கேட்டால் கவனத்தைக் கூட்டி, கணீரென்று பதில் சொல்வார்கள். வெளியே வந்து ஆட்டோ ஏறுவதற்குள் குரல் பழையபடி இறங்கிவிடும். குழுவின் கண்ணில் படுவது அந்த இரண்டு நிமிடக் குரல்தான். அதனால் வெறுங்கையோடு போகாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சு, செவித்திறன் நிபுணரைப் பார்த்து எழுத்துப்பூர்வமாக ஓர் அறிக்கை வாங்கிவிடுங்கள். தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாதாரணமாகப் பேசும்போது போனில் எடுத்த பதிவு ஒன்றும் கூட இருக்கட்டும். மாத்திரை வேலை செய்யும்போது ஒன்று, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் ஒன்று என்று இரண்டு இருந்தால் இன்னும் நல்லது.

சான்றிதழுக்கும் UDID எனப்படும் தேசிய அடையாள அட்டைக்கும் ஒரே விண்ணப்பம்தான். மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்றுடன் பதிய வேண்டும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை அட்டை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். சலுகைகள் பெரும்பாலும் 40இல்தான் தொடங்குகின்றன. விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்; அதன் மேல் முறையீடு செய்யவும் சட்டத்தில் வழியுண்டு.

சரி, கருவிக்கு வருவோம். மத்திய அரசின் ‘அடிப்’ (ADIP) திட்டம் 1981 முதல் நடக்கிறது. உதவி உபகரணங்களை இலவசமாகவோ பாதி விலையிலோ தருகிற திட்டம். பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்கான கையடக்கத் தொடர்புக் கருவிகளுக்கும் அதில் இடமுண்டு. 40 சதவீதச் சான்று வேண்டும். மாத வருமானம் 22,500 ரூபாய் வரை என்றால் முழுத் தொகையும், 30,000 வரை என்றால் பாதியும் அரசு ஏற்கும். கருவியின் விலைக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு. கடந்த மூன்று ஆண்டுகளில் இதே உதவியை வாங்கியிருக்கக் கூடாது. கண்ணசைவில் இயங்கும் கருவிகள் லட்சங்களில் விற்கும்போது இந்த உச்சவரம்பு எந்த மூலைக்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் பார்கின்சன்காரர்களில் பலருக்கு முதலில் தேவைப்படுவது அதுவல்ல. பள்ளி ஆசிரியர்கள் காதோரம் மைக்கும் இடுப்பில் சின்ன ஸ்பீக்கரும் மாட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறார்களே, அந்தக் குரல் பெருக்கிதான். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். குரல் சன்னமாகி, உச்சரிப்பு தெளிவாக இருக்கிறவர்களுக்கு அதுவே போதும். உச்சரிப்பும் குழறினால் பெருக்கி குழறலைத்தான் பெருக்கும். அவர்களுக்கு எழுத்துகள் அச்சிட்ட பலகையோ, தட்டச்சு செய்ததை வாசிக்கும் கருவியோ வேண்டும். பலகை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் பேச்சின் வேகமும் தானாகக் குறையும். ஆண்ட்ராய்டு போனில் தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி இலவசமாகவே இருக்கிறது. எது பொருந்தும் என்பதை அந்தப் பேச்சு நிபுணரே அறிக்கையில் எழுதித் தரட்டும்.

இந்தத் திட்டத்தின் முகாம்களில் அதிகம் வந்து இறங்குவது மூன்று சக்கர வண்டியும் காது மெஷினும்தான். முதலில் அளவெடுக்கும் முகாம், பிறகு வழங்கும் முகாம் என்று இரண்டு கட்டமாக நடக்கும். பேச்சுக் கருவியை முதல் கட்டத்திலேயே எழுத வைத்துவிட வேண்டும். அதற்கும் முன்பே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தையும் அணுகலாம். தமிழக அரசின் ‘விழுதுகள்’ மையங்களில் பேச்சுப் பயிற்சியும் தருகிறார்கள். கருவி வாங்கினாலும் பயிற்சியை விடக் கூடாது.

அதே மாவட்ட அலுவலகத்தில், பார்கின்சனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மனு கொடுத்துவிடுங்கள்.

பார்கின்சன் மட்டும் இருப்பவர்களை யாராவது ‘நிராமயா’ என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் சேரச் சொன்னால் நேரத்தை வீணாக்க வேண்டாம். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். முதியோருக்கான வயோஸ்ரீ திட்டத்தில் ஊன்றுகோல், காது மெஷின், பல்செட் கிடைக்கும். பேச்சுக் கருவிக்கு அதை நம்பிப் பயனில்லை.

கருவி கைக்கு வந்தபின் வங்கியிலோ பத்திர ஆபீசிலோ ‘வாயைத் திறந்து சொல்லுங்கள்’ என்று அடம்பிடித்தால், முன்பு சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைக் காட்டுங்கள். எழுத்தில் காட்டுவது, மாற்று வழிகளில் கருத்தைத் தெரிவிப்பது எல்லாமே தகவல் தொடர்புதான் என்று அங்கே சொல்லியிருக்கிறது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதைக்கூட அவரவருக்கு ஏற்ற முறையில் பதிவு செய்ய வசதி செய்து தர வேண்டும் என்கிறது பன்னிரண்டாம் பிரிவு.