செம்பு அணுவில் எத்தனை நியூட்ரான்?

நிறை எண்ணிலிருந்து (புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) அணு எண்ணைக் (புரோட்டான்களின் எண்ணிக்கை) கழித்தால் நியூட்ரான்களின் எண்ணிக்கை கிடைக்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். சோடியத்தின் நிறை எண் 23, அணு எண் 11. ஆக, 12 நியூட்ரான்கள். இந்த விதியில் குறையே இல்லை. நிறை எண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல். மாணவர்களில் பலர் தனிம வரிசை அட்டவணையில் உள்ள தசம எண்ணை முழுமையாக்கி, அதையே நிறை எண்ணாகக் கொள்கிறார்கள். சோடியம், அலுமினியம், பாஸ்பரஸ் ஆகியவற்றுக்கு இந்தக் குறுக்குவழி சரியாகவே வரும். செம்புக்கு வராது.

அட்டவணையில் செம்பின் அணு நிறை 63.546. முழுமையாக்கினால் 64; அதில் அணு எண்ணான 29 போக மீதம் 35. ஆனால் மின்கம்பியில் உள்ள செம்பானாலும் சரி, குடத்தில் உள்ள செம்பானாலும் சரி, 35 நியூட்ரான்கள் கொண்ட அணு அதில் கிடைக்காது. இயற்கைச் செம்பில் இருப்பவை இரண்டே வகை. நூற்றுக்குச் சுமார் 69 அணுக்களில் 34 நியூட்ரான்கள்; மீதி 31 அணுக்களில் 36. இவையே செம்பு-63, செம்பு-65 என்னும் ஐசோடோப்புகள். அட்டவணை தருவது இவற்றின் சராசரி நிறை:

62.930 × 0.6915 + 64.928 × 0.3085 = 63.546

நியூட்ரான் எண்ணிக்கை தனிமத்துக்கு உரியதல்ல, ஐசோடோப்புக்கு உரியது. ஐசோடோப்பைக் குறிப்பிடாமல் செம்பில் எத்தனை நியூட்ரான் என்று கேட்டால், ஒற்றை எண்ணை விடையாகச் சொல்ல முடியாது. சராசரியை வைத்துக் கழிக்கப் பழக்குவது மாணவர்களுக்கு நாம் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

சராசரிக்குள் மறைந்திருக்கும் இந்த இரண்டு நிறைகளையும் பிரித்துக் காட்டுவது நிறைமாலைமானி என்னும் கருவி. அணுக்களை ஆவியாக்கி, எலக்ட்ரானை நீக்கி அயனிகளாக மாற்றி, வேகமாகக் காந்தப்புலத்துக்குள் செலுத்துகிறார்கள். எடை குறைந்த அயனி அதிகமாக வளையும். கூடியது குறைவாக வளையும். செம்பைச் செலுத்தினால் இரண்டு தடங்கள் விழும், நடுவே 64-க்குரிய இடம் வெறுமையாக இருக்கும். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பிரான்சிஸ் ஆஸ்டன் 1919-இல் இத்தகைய கருவியை உருவாக்கியபோது நியூட்ரான் என்ற துகளை யாரும் கண்டதில்லை. அணுக்கருவுக்குள் கூடுதல் புரோட்டான்களும் அவற்றைச் சமன்செய்யும் எலக்ட்ரான்களும் இருப்பதாகவே பலரும் கருதினர். அதே ஆய்வகத்தில் 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்த பிறகுதான், கழித்து வரும் அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது தெளிவாயிற்று.

தனி ஐசோடோப்பின் நிறைகூட முழு எண்ணாக இல்லையே என்று கேட்கலாம். 29 புரோட்டான், 29 எலக்ட்ரான், 34 நியூட்ரான் ஆகியவற்றின் நிறைகளைத் தனித்தனியே கூட்டினால் 63.52 வருகிறது. செம்பு-63 அணுவின் நிறையோ 62.93 தான். குறைந்த 0.59, துகள்கள் ஒன்றாகப் பிணைந்தபோது ஆற்றலாக வெளியேறிவிட்டது. அப்படியிருந்தும் ஐசோடோப்பின் நிறையை முழுமையாக்கினால் சரியான நிறை எண் வருவதற்குக் காரணம் உண்டு. அணு நிறை அலகு என்பது கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கார்பனிலும் இதுபோன்ற இழப்பு ஏற்கெனவே நேர்ந்திருப்பதால், அலகிலேயே அது பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது.

சரி, நடுவில் உள்ள 35 ஏன் இல்லை? அணுக்கருவுக்குள் புரோட்டான்கள் தமக்குள்ளும் நியூட்ரான்கள் தமக்குள்ளும் ஜோடி சேர்ந்தால்தான் பிணைப்பு வலுக்கும். 29 புரோட்டானில் ஒன்று எப்படியும் தனித்து நிற்கும். நியூட்ரானும் 35 ஆகிவிட்டால் அங்கேயும் ஒன்று துணையின்றி நிற்கும். அத்தகைய அணு நிலைப்பது மிக அரிது. ஹைட்ரஜன்-2, லித்தியம்-6, போரான்-10, நைட்ரஜன்-14 போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. வெள்ளிக்கும் இதே கதைதான்: 107.87-ஐ முழுமையாக்கிக் கழித்தால் 61 வரும், உண்மையில் இருப்பவை 60-உம் 62-உம். புரோமினில் 45 வரும். இருப்பவை 44-உம் 46-உம்.

35 நியூட்ரான் கொண்ட செம்பு-64-ஐ மனிதர்களே தயாரிக்கிறார்கள். துகள்களை வேகப்படுத்தும் கருவியான சைக்ளோட்ரானில் நிக்கல்-64 மீது புரோட்டான்களை மோதவிட்டால் அது உருவாகும். 12.7 மணி நேரத்தில் அதில் பாதி சிதைந்து நிக்கலாகவோ துத்தநாகமாகவோ மாறிவிடும். சிதையும்போது சில அணுக்கள் பாசிட்ரானை (நேர்மின்சுமை கொண்ட, எலக்ட்ரானின் எதிர்த்துகள்) உமிழ்வதால், புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேனில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.