கறையான் புற்று எப்படி மூச்சு விடுகிறது?

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 1996இல் திறக்கப்பட்டது ஈஸ்ட்கேட் வணிக வளாகம். வெயில் காயும் ஊர்தான். ஆனாலும் அந்தப் பெரிய கட்டடத்தில் வழக்கமான ஏசி அமைப்பு கிடையாது. அதை வடிவமைத்த மிக் பியர்ஸ், கறையான் புற்றிலிருந்து யோசனை பெற்றார்.

கட்டடம் இயங்கும் விதம் எளிமையானது. ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இரவு நன்றாகக் குளிரும். அந்தக் குளிர்காற்றை மின்விசிறிகள் இரவு முழுவதும் தளங்களுக்கு அடியில் உள்ள வெற்றிடங்களுக்குள் செலுத்துகின்றன. கனமான கான்கிரீட் குளிர்ந்துவிடுகிறது. பகலில் மனிதர்களும் கணினிகளும் வெளிவிடும் வெப்பத்தை அதே கான்கிரீட் உறிஞ்சிக்கொள்கிறது. சூடேறிய காற்று மேலெழுந்து கூரையிலுள்ள புகைபோக்கிகள் வழியே வெளியேறுகிறது.

புற்றிலும் இப்படித்தான் சூடான காற்று மேலே போய்க் கூட்டைக் குளிர்விக்கிறது என்று அன்று நம்பினார்கள். பிறகு ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் ஆகியோர் நமீபியாவின் புற்றுகளை ஆராய்ந்தபோது வேறு கதை தெரிந்தது. கூட்டின் வெப்பநிலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சுற்றியுள்ள மண். மேலே எழும் மண்கோபுரத்தின் முக்கிய வேலை காற்றை மாற்றுவது. லட்சக்கணக்கான கறையான்களும் அவை வளர்க்கும் பூஞ்சையும் கரியமில வாயுவை வெளிவிட்டபடியே இருக்கின்றன. அது வெளியேறாவிட்டால் கூடு அழிந்துவிடும்.

இங்கே நம் வயல்வரப்புப் புற்றும் வருகிறது. தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் ஒடோன்டோடெர்மிஸ் ஒபேசஸ் என்ற கறையானின் புற்றுகளில், சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பணியாற்றும் எல். மகாதேவனும் சக ஆய்வாளர்களும் காற்றோட்டத்தை அளந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் புற்றின் நடுவே அகன்ற குழாய் ஒன்று உண்டு. ஓரங்களில் வரிவரியாகப் புடைத்து நிற்கும் மெல்லிய குழாய்கள். பகலில் ஓரக் குழாய்கள் விரைவில் சூடாகின்றன. காற்று அவற்றின் வழியே ஏறி, நடுவே இறங்குகிறது. இரவில் ஓரங்கள் முதலில் குளிர்ந்துவிடுவதால் ஓட்டம் தலைகீழாகிறது. கண்ணுக்குத் தெரியும் திறப்பே இல்லாமல், சுவரின் நுண்துளைகள் வழியாகவே வாயுக்கள் உள்ளே வந்து வெளியே போகின்றன. மோட்டார் இல்லை, எரிபொருள் இல்லை. பகலும் இரவும் மாறிமாறி வருவதே போதுமான விசை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

உயிரியல் புரிதல் அரைகுறையாக இருந்தபோதும் பியர்ஸின் கட்டடம் வெற்றிபெற்றது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் புற்றின் உருவத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் உள்ளே கருவியை வைத்து அளந்தவர்களால்தான் இன்னும் பெரிய வாய்ப்பு தெரிய வந்தது. ஈஸ்ட்கேட்டுக்கு விசிறி தேவைப்படுகிறது. புற்றுக்கு அதுவும் வேண்டாம்.

ஈஸ்ட்கேட்டை அப்படியே எடுத்துவந்து சென்னையில் நிறுத்தவும் முடியாது. கடலோர ஈரப்பதத்தில் இரவும் புழுங்கும். கான்கிரீட்டைக் குளிர்விக்கப் போதுமான குளிர்காற்று கிடைக்காது. பெங்களூரு, ஓசூர் போன்ற மேட்டுநிலங்கள் அதற்கு ஏற்றவை. சென்னைக்கு முதலில் வெயில் படாத சுவரும் கடற்காற்றுக்குத் திறந்த சன்னலும் வேண்டும்.