பென்சிலினுக்குத் திறக்காத கதவு

அறுவை சிகிச்சைப் புண்ணில் ஸ்டாஃப் கிருமி பிடித்து, மாற்றி மாற்றி ஊசி போட்டும் மாமாவுக்குக் குணமாகவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "அவர் உடம்புக்கு மருந்து பழகிவிட்டதா?" என்பது அவர் கேள்வி. இல்லை. மருந்தை எதிர்ப்பது உடம்பு அல்ல, கிருமி. வாழ்நாளில் ஆன்டிபயாட்டிக்கே தொடாதவரையும் அது தொற்றலாம்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்குக்குள் சாதுவாகக் குடியிருக்கும் பாக்டீரியா. தையல் போட்ட காயமோ நரம்பில் செருகிய ஊசியோ வழிவிட்டால் உள்ளே இறங்கிவிடும். பென்சிலின் புழக்கத்துக்கு வந்த 1940களிலேயே அதை அறுத்துப்போடும் நொதியுடைய வகைகள் தென்பட்டன. அந்த நொதியால் அறுக்க முடியாத பென்சிலின் வகை மருந்தான மெத்திசிலின் 1959இல் வந்தது. 1961இல் அதற்கும் அடங்காத வகை பிரிட்டனில் பதிவாயிற்று. எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது அதுதான்.

அது தப்பிக்கும் விதம் எனக்கு அலுக்கவே அலுக்காது. பாக்டீரியாவின் சுவர் சர்க்கரை இழைகளால் ஆனது. அந்த இழைகளைக் குறுக்கே தைப்பதற்கென்று நொதிகள் உண்டு. தைக்க வேண்டிய முனையைப் போலவே பென்சிலினுக்கும் உருவம். நொதி ஏமாந்து அதைப் பிடிக்கும், பிறகு விடவே முடியாது. தையல் நின்ற சுவர் உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கும்.

எம்.ஆர்.எஸ்.ஏ.விடம் மெக்-ஏ என்ற மரபணு தரும் கூடுதல் நொதி ஒன்று இருக்கிறது. அதில் தையல் நடக்கும் குழி சாதாரணமாக மூடியே கிடக்கும், பென்சிலின் நுழைய இடமிராது. அப்படியானால் சுவரைத் தைப்பது எப்படி? குழியிலிருந்து சுமார் 6 நானோமீட்டர் தள்ளி, அதே நொதியில் இன்னொரு பள்ளம் உண்டு. வளரும் சுவரின் இழை அங்கே வந்து படிந்ததும் நொதியின் உடல் முழுக்க ஓர் அசைவு ஓடி, தொலைவிலிருக்கும் குழி திறக்கிறது. வேலை வந்தால் மட்டுமே திறக்கும் கதவு! ஒரு புரதத்துக்குள் இத்தனை நுணுக்கமா என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

செஃப்டரோலின் என்ற மருந்து அந்தக் கதவையே பயன்படுத்திக்கொள்கிறது. ஒரு மூலக்கூறு தொலைவுப் பள்ளத்தில் அமர்ந்து கதவைத் திறக்க, இன்னொன்று குழிக்குள் புகுந்து நொதியை முடக்குகிறது. அந்தப் பள்ளத்தையே மாற்றிக்கொண்ட கிருமிகளும் இப்போது வந்துவிட்டன. புதிய ஆன்டிபயாட்டிக்கை அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்து, சில நாட்களே கொடுப்பார்கள். அதில் பெரிய லாபம் இல்லாததால் பல நிறுவனங்கள் ஒதுங்கிவிட்டன. இந்த ஆராய்ச்சிக்கு அரசுகள்தான் தாராளமாகப் பணம் போட வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

வாசகிக்கு ஒன்று: மாமாவின் கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்கள். கிருமி பரப்பிய தட்டில், பென்சிலினுக்கு உறவான செஃபாக்சிட்டின் என்ற மருந்தின் வில்லையை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளந்திருப்பார்கள். வட்டம் 22 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்தப் பெயருக்கு நேரே, கிருமி மருந்தை எதிர்க்கிறது என்பதைக் குறிக்கும் 'ஆர்' (R) என்ற எழுத்து இருக்கும். அப்படியானால் அந்தக் கதவு அங்கே இருக்கிறது என்று பொருள். வேறு வழியில் சுவரைத் தடுக்கும் வான்கோமைசின் அநேகமாக இன்னும் கேட்கும். மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.