எக்கோ ரிப்போர்ட்டில் ஏன் ‘கம்யூனிகேஷன்’?

இதய சிகிச்சைக்காக வேலூருக்கு வருகிறவர்களின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் சில நேரம் இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கு நடுவே ‘கம்யூனிகேஷன்’ இருப்பதாக எழுதியிருக்கும். அகராதியைப் பிரித்தால் முதலில் நிற்பது ‘தகவல் தொடர்பு’. மேலறைகள் பேசிக்கொள்வதில்லை. நடுச்சுவரில் துளை இருக்கிறது, அவ்வளவுதான். இடப்பக்க அழுத்தம் சற்றுக் கூடுதல் என்பதால் ரத்தம் பெரும்பாலும் அதன் வழியே வலப்பக்கம் கசியும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘கம்யூனிஸ்’ என்றால் பொது. ‘கம்யூனிகாரே’ என்றால் பொதுவாக்குவது, பகிர்வது. பகிர்வது செய்தியானால் பேச்சு, கடிதம். கிருமியானால் தொற்று, ‘கம்யூனிகபிள்’ நோய் என்பது அதைத்தான். இடையே கதவுள்ள இரண்டு அறைகளும் ஆங்கிலத்தில் ‘கம்யூனிகேட்’ செய்யும்.

இந்த ‘வழி’ என்ற பொருளைக் கண்ணால் பார்க்க, சத்துவாச்சாரியில் வீடு கட்டுகிற இடத்தில் மேஸ்திரியின் டியூப் லெவலைக் கவனியுங்கள். கண்ணாடி போன்ற நீளக் குழாய், உள்ளே தண்ணீர். இரு முனையும் திறந்திருந்தால், எத்தனை அடி தள்ளிப் பிடித்தாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். பாடப்புத்தகங்கள் இதை ‘கம்யூனிகேட்டிங் வெசல்ஸ்’ என்கின்றன. குறி போடும்போது ஒரு முனையில் கட்டைவிரல் அடைத்திருந்தால் மட்டம் பொய். அதைவிட மோசம் காற்றுக்குமிழி: நிமிர்ந்து நிற்கும் பகுதியில் குழாயை அடைத்தபடி 2 செ.மீ. குமிழி இருந்தால், அந்தப் பக்கம் ஏறத்தாழ 2 செ.மீ. உயர்ந்து காட்டும். தரையில் படுத்த பகுதியில் இருந்தால் பாதிப்பில்லை. ஆனால் குழாயைத் தூக்கியதும் நகர்ந்துவிடும். தட்டி வெளியேற்றிவிட்டு அளப்பதே நல்லது.

ராணுவத்தில் ‘லைன்ஸ் ஆஃப் கம்யூனிகேஷன்’ என்பது படையும் உணவும் போய்வரும் பாதை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, சுமார் 25 கி.மீ. தொலைவிலிருந்த ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயரின் குதிரைப்படை வந்து சேர்ந்த சாலை அப்படிப்பட்டது.

1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் எழுதிய ‘கம்யூனிகேஷன்’ கோட்பாடோ செய்தியின் அர்த்தத்தையே ஒதுக்கிவைத்தது. அனுப்பியது இரைச்சலைத் தாண்டி அப்படியே போய்ச் சேர்ந்ததா என்பதே அங்கே கணக்கு. தகவலை அளக்கும் அலகு, பிட்.

நம் ஊருக்கென்று இன்னொரு பொருளும் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படித்த காட்பாடிப் பிள்ளையிடம் இன்டர்வியூ முடிந்து “கம்யூனிகேஷன் எப்படி?” என்று கேட்டால், கேள்வி அலைவரிசையைப் பற்றியது அல்ல. இங்கிலீஷ் சரளமாக வந்ததா என்பதுதான்.