நினைவுக்கு வேர்பிடிப்பு

பி.எட். படிக்கும் அக்கா மகள் பரீட்சைக்கு முந்தின இரவு கும்பகோணத்திலிருந்து போன் செய்தாள். "மாமா, தூக்கத்தில நினைவு ஒருங்கிணைப்பு நடக்குதுன்னு நோட்ஸ்ல இருக்கு. எதை எதோட ஒருங்கிணைக்குது?"

சரியான கேள்வி. சொல்தான் தப்பு. பத்திரிகையிலும் மருத்துவர் பேட்டியிலும் இதே சொல்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

மூலச்சொல் கன்சாலிடேஷன். லத்தீனில் 'சாலிடஸ்' என்றால் கெட்டியானது. 1900இல் ஜெர்மானிய உளவியலாளர்கள் முல்லரும் பில்செக்கரும் இதை நினைவுக்குக் கொண்டுவந்தார்கள். புதிதாகக் கற்றது உறுதிப்படக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான் பொருள்.

ஒருங்கிணைப்பு என்பது பலவற்றை ஒன்று சேர்ப்பது. விழாவுக்கு ஒருங்கிணைப்பாளர் போடுகிறோமே, அந்த வேலை. கம்பெனிக் கணக்குகளை ஒன்றாக்கும் கன்சாலிடேஷனுக்கு அகராதி தரும் பொருளை எடுத்து மூளைக்கு ஒட்டிவிட்டார்கள். இன்டெக்ரேஷன் என்ற வேறொரு ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழில் இதே சொல்தான். புதிய செய்தி பழைய அறிவோடு பின்னிக்கொள்வதும் தூக்கத்தில் நடக்கிறது. அதை எந்தச் சொல்லால் எழுதுவார்கள்? இரண்டு வினைக்கு ஒரே சொல்லைக் கொடுத்தால் படிக்கிற பிள்ளைக்கு எப்படிப் புரியும்? மொழிபெயர்ப்பவர் ஒரு வாக்கியத்தை முழுசாக எழுதிப் பார்த்திருந்தாலே இது பிடிபட்டிருக்கும்.

'நினைவு ஊன்றல்' என்றும் சொல்லிப் பார்க்கலாம். நல்ல தமிழ்தான். ஆனால் விதை ஊன்றுவது முதல் நாள் வேலை. நினைவில் அது பதிதல். இங்கே பேசுவது அதற்கு அப்புறம் நடப்பதை.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலில் நட்ட மறுநாள் நாற்று மஞ்சளாகத் துவண்டு நிற்கும். இரண்டு விரலால் இழுத்தால் சேற்றோடு வந்துவிடும். ஒரு வாரம் கழித்து இழுத்தால் வராது, பச்சை பிடித்திருக்கும். "வேர் புடிச்சிருச்சு" என்பார் அப்பா.

மூளையிலும் பகலில் கற்றதற்கு ஹிப்போகேம்பஸ் என்ற உட்பகுதிதான் நாற்றங்கால். ஆழ்ந்த தூக்கத்தில் கற்றது அங்கே திரும்பத் திரும்ப ஓடி, மூளையின் மேலடுக்கான புறணியில் இணைப்புகள் வலுப்படுகின்றன. எலி விழித்திருந்தபோது சேர்ந்து இயங்கிய நரம்பணுக்கள் தூக்கத்திலும் சேர்ந்தே இயங்கியதை 1994இல் வில்சனும் மெக்நாட்டனும் காட்டினார்கள். நாற்றைப் போல இங்கே ஒரேயடியாகப் பிடுங்கி நடுவதில்லை. ஆனாலும் வேர் பிடிப்பது நிஜம். ஆகவே, நினைவு வேர்பிடிப்பு.

கனவு வேறு சங்கதி. தெளிவான கனவுகள் பெரும்பாலும் விழிகள் வேகமாக அசையும் தூக்கத்தில் வருபவை. ஆழ்ந்த தூக்கத்தை விட்டுவிட்டு, கனவை மட்டும் வைத்து "கனவில்தான் பாடம் பதிகிறது" என்று எழுதுவதும் பிழை.

இவ்வளவையும் அவளிடம் சொல்லி முடிக்க மணி பதினொன்றாகிவிட்டது. "நாளைக்கு என்ன எழுதட்டும் மாமா?" என்றாள். நோட்ஸில் இருப்பதையே எழுதச் சொன்னேன், மார்க் போகக் கூடாதே. படித்தது வேர் பிடிக்க வேண்டும், புத்தகத்தை மூடிவிட்டுப் படு என்றேன்.