அமெரிக்க அதிபரின் செல்வாக்கு 42 சதவீதம்: அந்த எண்ணுக்குள் இருப்பவர்கள் யார்?

‘அதிபரின் செல்வாக்கு சரிந்தது’, ‘மீண்டும் உயர்ந்தது’ என்று மாதத்துக்கு நாலு தலைப்பாவது வருகிறது. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் விசா பேச்சோடு சேர்த்து இதையும் அலசுகிறார்கள். கருத்துக்கணிப்பு வேலை தெரிந்தவர்கள் தலைப்பில் இருக்கும் எண்ணைக் கடந்து, நேராக அதற்கடியில் உள்ள கட்சிவாரி அட்டவணைக்குப் போவார்கள். செய்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று. “அதிபர் தன் பதவியைக் கையாளும் விதத்தை நீங்கள் ஏற்கிறீர்களா, இல்லையா?” அதிபர் ட்ரூமன் காலம் தொட்டு கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் ஏறக்குறைய இதே சொற்களில் கேட்டுவந்தது. சொல் மாறாததால்தான் எண்பது ஆண்டுகளை ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க முடிகிறது. அவரைப் பிடிக்குமா, மறுபடி ஓட்டுப் போடுவீர்களா என்பதெல்லாம் வேறு கேள்விகள். செய்தியில் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அந்தக் கோடு முன்பெல்லாம் மலையும் பள்ளமுமாக இருந்தது. ட்ரூமன் 1945ல் 87 சதவீதத்தில் இருந்தார். 1952ல் 22க்கு இறங்கினார். வளைகுடாப் போர் முடிந்த கையோடு 1991ல் மூத்த புஷ் 89ஐத் தொட்டார். அடுத்த ஆண்டே 29, தேர்தலிலும் தோல்வி. அவர் மகன் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் 90 சதவீதம் பெற்றார். கேலப் கணக்கில் இன்றுவரை அதுதான் உச்சம். ஆனால் டிரம்ப் தன் முதல் பதவிக்காலமான நான்கு ஆண்டுகள் முழுக்க 34க்கும் 49க்கும் இடையிலேயே நின்றார். அந்த நாலு ஆண்டில் பதவி நீக்கத் தீர்மானம், பெருந்தொற்று, வேலையிழப்பு எல்லாம் வந்துபோயின. கோடு அசையவே மறுத்தது.

காரணம் கட்சிப் பற்று. 1950களில் அதிபராக இருந்த ஐசன்ஹோவர் காலத்தில் அவர் கட்சிக்காரர்கள் தந்த ஆதரவுக்கும் எதிர்க்கட்சிக்காரர்கள் தந்த ஆதரவுக்கும் சராசரி இடைவெளி 39 சதவீதப் புள்ளி. அதாவது ஜனநாயகக் கட்சிக்காரர்களிலும் கணிசமானோர் அந்தக் குடியரசுக் கட்சி அதிபரை ஏற்றார்கள். ஒபாமா காலத்தில் இடைவெளி 70 அளவுக்குப் போனது. 2020 தேர்தலை ஒட்டி டிரம்ப்புக்குச் சொந்தக் கட்சியில் 95, எதிர்க்கட்சியில் 3, இடைவெளி 92. இதற்குமேல் விரிய அதிக இடமில்லை. பலரும் இப்போது அதிபரின் வேலைக்கு மதிப்பெண் போடுவதில்லை. எதிர்முகாமுக்கு வாய்ப்புத் தரக்கூடாது என்று எண்ணியே பதில் சொல்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் நடத்தும் நுகர்வோர் மனநிலைக் கணக்கெடுப்பிலும் இதே குணம் உண்டு. 2016 நவம்பரில் தேர்தல் முடிந்ததும் குடியரசுக் கட்சிக்காரர்களுக்குப் பொருளாதாரம் பிரகாசமாகத் தெரிந்தது, ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு இருண்டது. 2020க்குப் பின் அப்படியே தலைகீழ். அந்தச் சில வாரங்களில் சம்பளமோ விலைவாசியோ அவ்வளவு மாறவில்லை.

பதில் இப்படி உறைந்துபோனால் எண்ணை ஆட்டுவிப்பது எது? பல நேரம், யார் பதில் சொன்னார்கள் என்பதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதிரியில், அதாவது கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்தவர்களில், 1,000 பேர்: குடியரசுக் கட்சி 300, ஜனநாயகக் கட்சி 300, கட்சி சாராதவர் 400. அதிபர் குடியரசுக் கட்சிக்காரர். மூன்று பிரிவிலும் ஆதரவு முறையே 90, 5, 35 சதவீதம். 270, 15, 140 கூட்டினால் 425. தலைப்பு எண் 42.5. அடுத்த மாதம் ஒருவர் மனமும் மாறவில்லை. மாதிரியில் மட்டும் குடியரசுக் கட்சியினர் 330, ஜனநாயகக் கட்சியினர் 270 என்று விழுகிறது. இப்போது கூட்டுத்தொகை 450ஐத் தாண்டும், எண் 45. ‘இரண்டரைப் புள்ளி உயர்வு’ என்று தலைப்பு தயார்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. தன் கட்சிக்கு நல்ல வாரம் என்றால் ஆட்கள் போனை எடுத்து ஆர்வமாகப் பேசுகிறார்கள். கெட்ட வாரத்தில் வைத்துவிடுகிறார்கள். 2012ல் முதல் விவாதத்தில் ஒபாமா சொதப்பியபின் அவர் ஆதரவு சரிந்ததாகக் காட்டிய கணிப்புகளை ஆராய்ந்தவர்கள், அந்தச் சரிவின் பெரும்பகுதி மனமாற்றம் இல்லை, பதில் சொல்ல வந்தவர்கள் மாறியதே என்று கண்டார்கள். தொலைபேசிக் கணிப்பில் பதில் கிடைக்கும் விகிதம் பியூ ஆய்வு மையத்துக்கு 2018ல் வெறும் 6 சதவீதம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இதைச் சரிக்கட்டத்தான் ‘வெயிட்டிங்’ செய்கிறார்கள்: மாதிரியில் குறைவாக வந்த பிரிவின் பதிலுக்கு எடை கூட்டுவது. வயது, பாலினம், இனம் மூன்றையும் பெரும்பாலும் எல்லோரும் சரிசெய்தார்கள். 2016ல் பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதியை விட்டுவிட்டன. பட்டதாரிகள் அதிகம் பதில் சொல்பவர்கள், டிரம்ப்பை எதிர்த்து நின்ற ஹிலாரி கிளின்டன் பக்கம் சாய்ந்தவர்களும் அவர்களே. கணிப்பு தவறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கட்சி அடையாளத்துக்கோ கடந்த தேர்தலில் போட்ட ஓட்டுக்கோ எடை கொடுப்பதா என்பதில் இன்னும் ஒருமித்த வழக்கம் இல்லை. கொடுத்தால் மேலே சொன்ன பொய் ஆட்டம் அடங்கும். ஆனால் மக்கள் நிஜமாகவே கட்சி மாறினால், அந்த அசைவையும் அது அமுக்கிவிடும். அதனால் செய்முறைக் குறிப்பில் எதற்கெல்லாம் எடை கொடுத்தார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது அதிகம் பேர் ஏமாறும் இடம். ‘சொந்தக் கட்சியில் 92 சதவீத ஆதரவு, கோட்டை அசையவில்லை’ என்று ஒரு வரி வரும். பழைய 300 பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். 270 பேர் ஆதரவு, 30 பேர் எதிர்ப்பு. ஆதரித்தவர்களில் 40 பேர் வெறுத்துப்போகிறார்கள். ஆதரவு 230, எதிர்ப்பு 70. 300 பேரும் கட்சியிலேயே இருந்தால் ஆதரவு 77 சதவீதம் என்று வரும். ஆனால் எதிர்க்கும் அந்த 70 பேரில் 50 பேர், ‘உங்கள் கட்சி எது?’ என்ற கேள்விக்கு ‘எதுவுமில்லை’ என்கிறார்கள். மிச்சம் 250 பேரில் 230 பேர்: 92 சதவீதம். ஆதரவாளர் 40 பேர் குறைந்திருக்க, கட்சிக்குள் ஆதரவு 90லிருந்து 92ஆக ஏறியதாக அட்டவணை காட்டுகிறது! இதைப் பிடிக்க ஒரே வழி, கட்சி என்று சொன்னவர்களின் மொத்த எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்ப்பது. பல செய்திகளில் அந்த எண்ணிக்கையைப் போடுவதே இல்லை. அதுதான் வருத்தம்.

‘கட்சி சாராதவர்’ என்ற வரிசையும் பெயருக்கு ஏற்றபடி இல்லை. கேலப் கணக்கில் அமெரிக்கர்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தங்களை அப்படிச் சொல்கிறார்கள். ‘எந்தப் பக்கம் சாய்வீர்கள்?’ என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலோர் ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுவார்கள், கட்சிக்காரர் போலவே ஓட்டும் போடுவார்கள். எந்தப் பக்கமும் சாயாதவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். அந்தச் சாய்வாளர்களைக் கட்சியோடு சேர்த்தார்களா, தனியே வைத்தார்களா என்பதைப் பொறுத்தே இரண்டு நிறுவனங்களின் வரிசைகள் வேறுபடும்.

பிழை வரம்பு, அதாவது சிலரை மட்டும் கேட்பதால் எண் எவ்வளவு விலகலாம் என்பது: 1,000 பேருக்குக் குறைந்தது கூட்டியோ குறைத்தோ 3 புள்ளி, அதில் 300 பேர் கொண்ட ஒரு கட்சிப் பிரிவுக்கு 6 புள்ளி. இரண்டு கணிப்புகளை ஒப்பிடும்போது வரம்பு இன்னும் அகலும். 2 புள்ளி ஏற்ற இறக்கத்தைச் செய்தியாக எடுக்காதீர்கள். வயதுவந்தோர் அனைவரையும் கேட்ட எண்ணை, ஓட்டுப்போடக்கூடியவர்களை மட்டும் கேட்ட எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒரே நிறுவனத்தின் பழைய எண்ணோடு புதிய எண்ணை வைத்துப் பாருங்கள்.

அதிபர் நிக்சன் 1973 ஜனவரியில் 67 சதவீத அளவில் இருந்து, பதவி விலகும் நேரத்தில் 24க்கு வந்தார். சொந்தக் கட்சியிலும் ஏறக்குறைய பாதிப்பேர் கைவிட்ட பிறகே அந்த ஆழம். இன்று அப்படி ஒரு நகர்வு தொடங்கினால் மொத்த எண்ணில் முதலில் தெரியாது. பல நிறுவனங்கள் ‘உறுதியாக ஏற்கிறேன்’, ‘ஓரளவு ஏற்கிறேன்’ என்று பிரித்துத் தருகின்றன. அதிபரின் கட்சி வரிசையில் முதல் கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்கு ஆட்கள் நகர்கிறார்களா, கூடவே அந்த வரிசையின் அளவு சுருங்குகிறதா என்று மூன்று நான்கு மாதம் தொடர்ந்து குறித்துவாருங்கள்.