ஈச் வே என்பது ஒரு பந்தயம் அன்று, இரண்டு பந்தயங்கள்

அயர்லாந்தில் பந்தயச் சீட்டுகளுக்குக் கணக்குத் தீர்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கு, வாரக்கடைசி என்றால் ஒரே வாக்குவாதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும் நாள் என்றே பொருள். சென்ற சனிக்கிழமையும் அதுதான் நடந்தது. ஒன்பது குதிரைகள் ஓடிய ஒரு ஹேண்டிகேப் சேஸில் (திறமைக்கேற்பக் குதிரைகளுக்கு எடை ஏற்றி ஓடவிடும் தடைதாண்டும் பந்தயம்), 3/1 விலையில் (அதாவது ஒரு யூரோவுக்கு மூன்று யூரோ லாபம்) இருந்த ஃபேவரிட் மீது, அதாவது வெல்லும் என்று அதிகம் எதிர்பார்க்கப்பட்ட குதிரை மீது, 20 யூரோ ஈச் வே கட்டியிருந்தவர், குதிரை இரண்டாவதாக வந்த மகிழ்ச்சியில் சீட்டை நீட்டினார். அவர் கட்டியது 40 யூரோ. அவர் கையில் வந்தது 32 யூரோ. "குதிரை வந்த பிறகும் எனக்கு எப்படி நஷ்டம் வரும்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் சொல்வது என்று சலித்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஈச் வே ஒரு காப்பீடு என்றும், குதிரை முதலாவதாக வராவிட்டாலும் போட்ட பணமாவது திரும்பிவிடும் என்றும் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் அதில் இல்லை. 20 யூரோ ஈச் வே என்றால், குதிரை வெல்லும் என்று 20 யூரோவும் (வின்), குறிப்பிட்ட இடங்களுக்குள் வரும் என்று இன்னொரு 20 யூரோவும் (பிளேஸ்) தனித்தனியாகக் கட்டுகிறீர்கள். குதிரை இரண்டாவதாக வந்தால் வின் பகுதி முழுவதுமாகப் போய்விடும்; பிளேஸ் பகுதிக்கு மட்டும், அதுவும் வின் விலையின் ஒரு பங்குதான் கிடைக்கும். மேலே சொன்னவருக்கு 3/1 விலையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 யூரோவுக்கு 12 யூரோ லாபம் கிடைத்தது. பிளேஸ் முதலையும் சேர்த்து 32. பங்கு ஐந்தில் ஒன்றாக இருந்தால் 5/1 விலையிலும், நான்கில் ஒன்றாக இருந்தால் 4/1 விலையிலும், பிளேஸில் மட்டும் வந்த குதிரை போட்ட பணத்தைச் சரியாகத் திருப்பித் தரும். அதற்குக் குறைந்த விலையில் ஈச் வே கட்டுபவர், இரண்டாவது இடத்துக்கு வந்தாலும் நஷ்டப்படுவதற்குத் தாமே ஒப்புக்கொள்கிறார். தயவுசெய்து இந்த ஒன்றையாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரையின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை குதிரைகள் ஓடுகின்றன என்று எண்ணுங்கள். வழக்கமான விதிப்படி ஐந்து முதல் ஏழு குதிரைகள் ஓடினால் முதல் இரண்டு இடங்களுக்கு நான்கில் ஒரு பங்கு. எட்டு அல்லது அதற்கு மேல் ஓடினால் மூன்று இடங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஹேண்டிகேப்பில் 12 முதல் 15 வரை ஓடினால் மூன்று இடங்களுக்கு நான்கில் ஒரு பங்கு. 16 அல்லது அதற்கு மேல் ஓடினால் நான்கு இடங்களுக்கு நான்கில் ஒரு பங்கு. ஈச் வே பற்றிப் பேசும்போது ஹேண்டிகேப்பைத் தனியாகப் பேசுவதற்கு இந்தக் கடைசி இரண்டு வரிகள்தாம் காரணம். சம வலிமையுள்ள 16 குதிரைகளுக்கும் 11/1 விலை போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வின் பகுதியில் ஒரு யூரோவுக்குச் சராசரியாக 75 சென்ட்தான் திரும்பும். பிளேஸ் பகுதியில் ஏறத்தாழ 94 சென்ட் திரும்பும். நான்கு இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு பங்கை மட்டும் ஐந்தில் ஒன்றாக மாற்றினால், அதே பிளேஸ் பகுதி 80 சென்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. 'கூடுதல் இடம்' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும்போது, பங்கு நான்கிலிருந்து ஐந்துக்கு மாறியதைச் சிறிய எழுத்தில்தான் போடுவார்கள். அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

எண்ணிக்கை, பந்தயம் தொடங்கும் நேரத்தில் உண்மையில் ஓடும் குதிரைகளைப் பொறுத்தது. அயர்லாந்தில் ஹேண்டிகேப்புகளுக்கு மாற்றுக் குதிரைகளை அறிவிக்கும் வழக்கம் இருந்தாலும், குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு ஒரு குதிரை விலகினால் அந்த இடம் நிரப்பப்படாது. 16 குதிரைகளில் ஒன்று கடைசி நேரத்தில் விலகிவிட்டால், தனிச் சலுகை எதுவும் இல்லாத வரையில், நான்காவதாக வந்த குதிரைக்கு ஒரு சென்ட்டும் கிடையாது. சரியாக 16 குதிரைகள் அறிவிக்கப்பட்ட பந்தயங்களில் நான்காவது இடத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

குதிரையைத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தவரை, தடைதாண்டும் பந்தயத்தில் பிளேஸ் பகுதி கேட்கும் முதல் தகுதி, ஓட்டத்தை முடிப்பது. விழுந்ததும், ஜாக்கியைத் தள்ளியதும், பாதியில் நிறுத்தப்பட்டதும் பழைய ஓட்டப் பதிவில் எழுத்துகளாகவே இருக்கும்போது, எண்களை மட்டும் பார்த்துப் பணம் கட்டுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. குளிர்காலத்தில் தரை கனமான சேறாக இருக்கும் நாளில், முன்னால் பாய்ந்து ஓடிக் கடைசித் தடையில் களைத்துப்போகும் குதிரையைவிட, பின்னாலிருந்து நிதானமாக முன்னேறும் குதிரையே பிளேஸுக்குப் பெரும்பாலும் பொருத்தம். பெரிய பயிற்சியாளரின் பெயர் இங்கு அதிகம் உதவாது. 2023-இல் நேவனில் நடந்த டிராய்டவுன் சேஸில் ஓடிய 20 குதிரைகளில் 14 கார்டன் எலியட் என்ற ஒரே பயிற்சியாளருடையவை. இன்னொரு வகைக் குதிரையும் உண்டு: எப்போதும் மூன்றாவது, நான்காவது என்று வந்துகொண்டே இருப்பதால் ஹேண்டிகேப் எடையை நிர்ணயிக்கும் மதிப்பீட்டாளர் அதன் எடையைக் குறைக்கவே மாட்டார், எடை குறையாததால் அதுவும் எளிதில் வெல்லாது. அத்தகைய குதிரைக்கு ஈச் வே கட்டுவது, ஒரே பையில் தரப்படும் இரண்டு பொருள்களில் வேண்டாததற்கும் சேர்த்து விலை கொடுப்பதுதான். பிளேஸ் மட்டும் போதும் என்று நினைத்தால் டோட்டில் (எல்லோரும் கட்டும் பணத்தை ஒன்றாகச் சேர்த்து வென்றவர்களுக்குப் பகிரும் முறை) பிளேஸ் மட்டும் கட்டலாம்.

ஈஸ்டர் திங்களன்று ஃபேரிஹவுஸில் நடக்கும் ஐரிஷ் கிராண்ட் நேஷனல் நெருங்கும்போதெல்லாம், 2021-இல் 150/1 விலையில் வென்ற ஃப்ரீவீலின் டிலனை எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். அந்தப் பந்தயத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய விலையில் வேறெந்தக் குதிரையும் வென்றதில்லை என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் மேலே போட்ட கணக்கில் இரண்டு பகுதிகளுமே ஒரு யூரோவுக்குக் கீழேதான் நிற்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். பொழுதுபோக்குக்காக ஒதுக்கிய தொகையைத் தாண்டிக் கட்டாதீர்கள். பிளேஸில் வந்த பணத்தை அடுத்த பந்தயத்திலேயே போடாதீர்கள். அயர்லாந்தின் பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் 30 பெரியவர்களில் ஒருவருக்குச் சூதாட்டம் ஒரு சிக்கலாக இருக்கிறது. கவுன்ட்டரின் இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அந்த எண் வியப்பளிப்பதில்லை. வாடகைப் பணத்தில் சீட்டு எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், குதிரையைப் பற்றிய ஆலோசனையை விட்டுவிட்டு மேப்ஸ் எனப்படும் அரசு நிதியில் நடக்கும் கடன் ஆலோசனைச் சேவையைத் தொலைபேசியில் அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.